வாசல் வரை ஒரு விதி, வாசலுக்குள் ஒரு விதி

03.03.1980

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் ஆதம்பாவா போடியார் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் சகோதரி ஸைனம்புவும் மகள் றம்ஸியாவும் உடலால் சுகம். மனத்தால் எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன். வரிப்பத்தான்சேனையில் இம்முறை பெரும்போகம் நல்ல விளைச்சல் என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள், மகிழ்ச்சி. நீங்கள் கொடுத்தனுப்பிய புது அரிசியும் தயிர் முட்டியும் கிடைத்தன. தயிரைப் பாதியில் வைத்துவிட்டுப் பேனையை எடுத்தேன். இவ்வளவு நல்ல மனிதருக்கு மூன்றாவது தடவையாகவும் கெட்ட செய்தி எழுதப் போகிறோமே என்ற நினைப்புத்தான் காரணம்.

மச்சான், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேளாண்மை வெட்டி, சூடு மிதித்து, நெல்லை வீட்டில் சேர்த்ததும் உங்கள் மகன் சாலிஹுக்கும் றம்ஸியாவுக்கும் கலியாணம் என்று பேசி வைத்திருந்தோம். அதை அடுத்த வேளாண்மை வெட்டுவரை தள்ளி வைக்க முடியுமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். நம் ஊர் வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். வீடு என் வளவிலேயே, என் வீட்டுக்குப் பக்கத்திலேயே கட்டி முடிந்துவிட்டது. கூரை ஏறி, கதவு ஜன்னல் பொருத்தி, சுண்ணாம்பும் அடித்தாயிற்று. ஆனால் உங்கள் மனைவி, என்னை அண்ணனாக நினைத்துக் காக்கா என்று கூப்பிடும் தங்கச்சி நாச்சியா, பெண் பார்க்க வந்த அன்று சொன்ன ஒரே ஒரு சொல்லை நான் மறக்கவில்லை. "எங்கட பொடியன் அம்பாறைல பைப்புத் தண்ணில குளிச்சிப் பழகினவன் காக்கா. வாளியும் கையுமா கெணத்தடில நிக்க அவனுக்கு ஏலா. ஊட்டுக்குள்ள தண்ணி வரட்டும், மறுகா மாப்புள வருவார்." நியாயமான சொல். நான் சம்மதித்து ஓம் என்றேன். அந்த ஓம்தான் இன்றைக்கு என்னைத் தின்கிறது. சாய்ந்தமருது முதலாளி ஒருவர் தன் மகளுக்கு உள்ளேயே பைப்பு வைத்துக் கட்டிய வீட்டைக் காட்டி, சாலிஹைக் கேட்டு உங்களிடம் ஆள் அனுப்பியிருக்கிறார் என்பதும் என் காதில் விழுந்தது. நான் உங்களைக் குறை சொல்லவில்லை. தண்ணீர் வரும் வீட்டுக்கும் வராத வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் விவசாயிக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்பீர்கள். தண்ணீர் இருக்கிறது. சூறாவளிக்குப் பிறகு வெளிநாட்டு உதவியில் தண்ணீர்த் தாங்கி கட்டி, பெரிய தெருவில் நிலத்துக்குள் குழாய் தாட்டு, சந்திப் பைப்பில் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வருகிறது. அதை வீடுகளுக்குள் கொண்டுபோகத்தான் ஒரு விதிக்கோவை வேண்டுமாம். குழாய் எத்தனை தடிப்பு, எவ்வளவு ஆழம், கக்கூஸ் குழி எங்கே, தாங்கி எங்கே என்றெல்லாம் எழுதிய புத்தகம். உலகத்தில் அப்படிப் பல புத்தகங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை நம்மூர்ச் சபை தெரிந்தெடுத்து ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை ஒரு வீட்டுக்கும் குழாய் வேலைக்கு அனுமதி இல்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். உங்கள் வயல் காய்கிறது, வாய்க்காலில் தண்ணீர் வந்து நிற்கிறது. தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை வந்து, "போடியார், இந்த மதகை எந்த நாட்டு முறைப்படி திறக்கிற எண்டு கூட்டம் போட்டு முடிவெடுக்கிற வரைக்கும் பயிருக்குக் கொஞ்சம் பொறுமையா இரிக்கச் சொல்லுங்க" என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் எனக்கு இருக்கிறது. அதிலும் கொடுமை என்னவென்றால், மச்சான், அந்த வட்டவிதானையே நான்தான்.

எப்படி என்று சொல்கிறேன். புத்தகங்கள் இங்கிலீஷில் இருந்தன. சபை உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு எல்லோரும் ஜன்னல் வழியாக என் வீட்டைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். சேர்மன் வந்து, "சேர், நீங்க எங்களுக்கு வாசிப்புச் சொல்லித் தந்தீங்க. இப்ப எங்களுக்காக வாசிச்சும் தாங்க" என்றார். இளைப்பாறிய ஆசிரியனுக்கு யாராவது வந்து எதையாவது விளங்கப்படுத்தச் சொன்னால் மறுக்கத் தெரியாது. ஆளில்லாத வகுப்பறையைக் கண்டால்கூட உள்ளே போய் ஏதாவது சொல்லிக்கொடுக்கத் தோன்றும். குழாய் விதிக் கமிட்டிக்கு நான் தலைவரானேன். தலைவரானதும் ஊருக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டுமே என்று, மகளின் புது வீட்டுக் குளியலறையைப் பூட்டினேன். விதி நிறைவேறும்வரை ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, சாவியை உங்கள் சகோதரியிடமே கொடுத்துப் பத்திரப்படுத்தினேன்.

முதலாவது புத்தகத்தை நாங்கள் வெள்ளைக்காரக் கோவை என்போம். ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் உறுப்பினர் காலிதீன் அதன் பக்கம், அவருடைய கடையில் இருப்பதெல்லாம் அங்குலம், அதாவது இஞ்சிக் கணக்குக் குழாய்கள். அந்தக் கோவை, குளிர்காலத்தில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடிக்காதபடி நிலத்துக்குக் கீழே மூன்று அடியில் குழாயைப் புதைக்க வேண்டும் என்கிறது. நான் வாசித்தேன். "உறையிறது எண்டா என்ன சேர்?" என்று சேர்மன் கேட்டார். தண்ணீர் ஐஸாகிவிடுவது என்றேன். எதிர்ப்பக்கத்தில் இருந்த இஸ்மாலெவ்வை ஹாஜியார், "அல்லாஹ்! அப்பிடி உறைஞ்சா நல்லம்தானே, மீனுக்கு ஐஸ் வாங்கத் தேவல்ல" என்றார். சரி, மூன்றடி தோண்டிப் பார்ப்போம் என்று ஓவர்சியர் கனகரெத்தினத்தை அனுப்பினோம். நல்ல தம்பி, அதிகம் கதைக்கமாட்டார். கொஞ்ச நேரத்தில் முழங்கால்வரை நனைந்து வந்து நின்றார்.

"என்ன தம்பி?"

"மூணடிக்கு முந்தியே ஊத்து வந்திட்டு சேர்."

"வந்தா என்ன?"

"ஒண்டுமில்ல சேர். தண்ணிக்குள்ள பைப்பத் தாட்டு, அதுக்குள்ளால தண்ணி கொண்டு போப்போறம். அவ்வளவுதான்."

இரண்டாவது புத்தகம் அறபுக் கோவை. ஹாஜியாரின் மகன் பாலைவனத்தில் குழாய் வேலை செய்து திரும்பியபோது கொண்டுவந்தது. உள்ளே இங்கிலீஷ், அட்டையில் அறபு எழுத்து. அந்த அறபு எழுத்துத்தான் எங்களை மாட்டிவிட்டது. ஹாஜியார் புத்தகத்தை வாங்கியவுடன் கண்ணில் ஒற்றி, பச்சைத் துணியில் சுற்றி, அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். கைகால் முகம் கழுவி ஒழு எடுக்காமல் தொடக்கூடாது என்றார். "ஹாஜியார், அட்டையில் 'வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள்' என்றுதானே எழுதியிருக்கிறது" என்று மெதுவாகச் சொன்னேன். "என்ன எழுதினா என்ன சேர், எழுத்து அந்த எழுத்துத்தானே" என்றார். ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒழு. ஒழு எடுக்கத் தண்ணீர் வேண்டும். சபைக் கட்டடத்தில் தண்ணீர் இல்லை. ஏன் இல்லை? இன்னும் விதி நிறைவேறவில்லை. எனவே கமிட்டி முழுவதும் எழுந்து, வெயிலில் நடந்து, பள்ளிவாசல் ஹவுழுக்குப் போய், அந்தத் தொட்டித் தண்ணீரில் ஒழு எடுத்து, திரும்பி வந்து, கக்கூஸ் குழி அத்தியாயத்தைத் திறப்போம். திறந்தால் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வார்கள். மறுபடியும் பள்ளிவாசல்.

அந்தப் புத்தகத்தில் என்ன இருந்தது தெரியுமா? தாங்கிக்கு நிழல் போடாவிட்டால் தண்ணீர் கொதித்துவிடும். மணற்புயலுக்குக் குழாய் வாயை மூடி வைக்க வேண்டும். நீர்த்தொட்டியை ஒட்டகத்தின் வாய்க்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். காலிதீன் துள்ளி எழுந்தார்.

"ஹாஜியார், நம்ம ஊர்ல ஒட்டகம் எங்க கிடக்கு?"

"உங்கட புத்தகத்துல பனி கிடந்திச்சே, அது எங்க கிடக்கு?"

"பனி ஒரு காலத்துல வரலாம்."

"அப்ப ஒட்டகமும் வரும். அது பனி மாதிரி மேலால விழத் தேவல்ல, நடந்து வரும்."

இதற்குமேல் விவாதம் எனக்கு விளங்கவில்லை. ஆனால் இரண்டு மாதம் நடந்தது.

இரண்டு புத்தகமும் ஒத்துப்போன ஒரே இடம், கக்கூஸ் குழி எந்தக் கிணற்றிலிருந்தும் ஐம்பது அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது. அப்பாடா, ஒன்றாவது முடிந்தது என்று கையெழுத்து வைக்கப் போனேன். கனகரெத்தினம்தான், "ஒருக்கா அளந்து பாப்பமா சேர்?" என்றார். கயிற்றோடு போனோம். உங்களுக்குத் தெரியும், இங்கே வளவு எல்லாம் கைக்குட்டை அகலம், வளவுக்கு ஒரு கிணறு. ஒரு கிணற்றை விட்டு விலகினால் அடுத்த கிணற்றில் விழவேண்டியதுதான். ஐம்பது அடி தள்ளினால் என் குழி அடுத்த வீட்டுக் குசினியில் வந்தது, அடுத்த வீட்டார் குழி என் கட்டிலுக்குக் கீழே வந்தது. பகல் முழுவதும் ஊரை அளந்தோம். ஊரிலேயே எந்தக் கிணற்றுக்கும் எட்டாத இடம் ஒன்றுதான் கிடைத்தது: பள்ளிக்கூட விளையாட்டு மைதானத்தின் நட்டநடு. அதாவது, இரண்டு புத்தகத்தின்படியும் நம்மூரில் சட்டப்படி ஒரே ஒரு கக்கூஸ் கட்டலாம், அதைப் பந்தடிக்கத் தொடங்கும்போது பந்து வைக்கும் இடத்தில் கட்டவேண்டும். அன்று பின்னேரமே விளையாட்டுக் கழகத்தார் ஊர்வலமாக வந்துவிட்டார்கள்.

இன்னொன்று. வெள்ளைக்காரக் கோவையின் படத்தில் உள்ளபடி வைத்தால் நம் தெருவில் எல்லாக் கக்கூஸ் இருக்கைகளும் தொழும் திசையான கிப்லாவைப் பார்க்கும். இதில் மட்டும் சபை ஒரே குரலில் நின்றது, படத்தைத் திருப்பி வைத்தது. திருப்பியவுடன் காற்றுக் குழாய் பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்குள் போய்விட்டது. படுக்கையறைக்காரர் அதே சபையின் உறுப்பினர்.

இதற்கிடையில் என் வீட்டு நிலைமையைச் சொல்லாவிட்டால் நீங்கள் முழுமையாக விளங்கிக்கொள்ள முடியாது. கட்ட நினைத்து வாங்கி அடுக்கிய சீமெந்துப் பைகள் குறைந்துகொண்டே போகின்றன. கேட்டால் ஸைனம்பு, "ஈரத்துல இறுகிப் போயிரும் எண்டு அக்கம்பக்கத்துக்குக் குடுத்திட்டன்" என்கிறாள். கைகொடுக்கும் குணம், உங்கள் குடும்பத்துக் குணம், நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியநீலாவணை மேசன் கதிர்காமன் அடிக்கடி வந்து போகிறார். வேலை இல்லாத மனிதர், பாவம், கோழிக்கூடு பார்க்க வந்தேன் என்கிறார். என் சைக்கிளின் பின் சில்லு டியூப்பைக் காணவில்லை. எலி கொண்டுபோயிருக்கும் என்றாள். டியூப்பைத் தின்னும் எலி இந்த ஊரில் இருப்பதை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன், ஆனாலும் சூறாவளிக்குப் பிறகு எல்லாம் மாறித்தான் இருக்கிறது. கூட்டங்களுக்கு நடந்தே போகிறேன். விடியற்காலையில் சுவருக்குப் பின்னால் தண்ணீர் கொட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்கிறது. "கடல் இரையிது, படுங்க" என்கிறாள். என் காதுக்கு எந்நேரமும் தண்ணீர்ச் சத்தம் கேட்கும் அளவுக்கு என் மூளை கலங்கிவிட்டது. கிணற்றடியில் முன்பெல்லாம் எனக்கு முறை வராது, இப்போது வெறிச்சோடிக் கிடக்கிறது. கவலைப்படும் மனிதனுக்கு வழிவிட இவர்கள் பழகிவிட்டார்கள் என்று நினைக்கும்போது கண் நிறைகிறது. றம்ஸியாவோ முன்பு அழுதுகொண்டிருந்தவள், இப்போது சிரிக்கிறாள், தனக்குத்தானே பாட்டு முணுமுணுக்கிறாள், ஈரத் தலையோடு பகலெல்லாம் திரிகிறாள். துயரம் அளவு மீறினால் மனிதர்கள் அப்படி ஆவார்கள் என்று எங்கோ வாசித்திருக்கிறேன். பெற்றவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை மச்சான்.

கடைசியாகப் போன வியாழக்கிழமை வாக்கெடுப்பு நடந்தது. பாதிப்பேர் வெள்ளைக்காரக் கோவை, பாதிப்பேர் அறபுக் கோவை. சேர்மனின் ஒரு வாக்கு மிச்சம். அவர் காலிதீனின் மச்சான், ஹாஜியாரின் மருமகன். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், கணக்குப் பாடம் வராத பிள்ளையைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டதுபோல நின்றார். எல்லோருக்கும் தேத்தண்ணி சொன்னார். குடித்து முடித்தபோது அவருக்கு ஒரு யோசனை உதித்தது. "ரெண்டையும் எடுப்பம். வாசல் வரைக்கும் வெள்ளக்காரக் கோவை, வாசலுக்குள்ள அறபுக் கோவை. ஆருக்கும் மனக்கசப்பு இல்ல." கைதட்டினார்கள். காலிதீனும் ஹாஜியாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் மகளின் கலியாணம் கண்முன்னே வந்தது. அப்போதுதான் கனகரெத்தினம் கையைத் தூக்கினார்.

"சேர், வெளிய வாற பைப்பு இஞ்சிக் கணக்கு. உள்ள போற பைப்பு மில்லிமீற்றர் கணக்கு. ரெண்டும் வாசல்ல சந்திக்கும். அதுல பூட்டுற மூட்டு?"

"எங்க வாங்கலாம்?"

"வெள்ளக்காரன்ட நாட்டுல செய்யிறல்ல சேர். அறபு நாட்டுலயும் செய்யிறல்ல. ஏனெண்டா அவங்க ரெண்டு பேரும் இதுவரைக்கும் ஒரு வாசல்ல சந்திச்சதில்ல."

அந்த மூட்டைச் செய்து தரும்படி வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு எழுதத் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. எழுதுவது யார்? இங்கிலீஷ் தெரிந்தவன். பதில் வந்து, மூட்டு செய்து, கப்பலேறி வரும்போது அடுத்த பெரும்போகம் ஆகிவிடும். இதுதான் மச்சான் நிலைமை. என் வாழ்நாளில் எத்தனையோ பிள்ளைகளைப் பரீட்சையில் கரையேற்றியிருக்கிறேன், என் சொந்த மகளை ஒரு குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த எனக்கு முடியவில்லை. தங்கச்சி நாச்சியாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். சாய்ந்தமருதுப் பேச்சுக்கு மட்டும் இப்போதைக்கு முடிவு சொல்லாமல் வைத்திருக்கப் பாருங்கள். சாலிஹ் காத்திருப்பான் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர எனக்கு வேறு வேலையும் இல்லை.

உங்கள் நெல்லிலும் மாட்டிலும் மக்களிலும் அல்லாஹ் பறக்கத்தைச் சொரியட்டும். உங்கள் வாய்க்கால்கள் எந்தக் கமிட்டியின் கண்ணிலும் படாமல் ஓடட்டும். தங்கச்சி நாச்சியாவுக்கும் சாலிஹுக்கும் என் ஸலாம். ஸைனம்புவும் ஸலாம் சொல்லச் சொன்னாள், சொல்லும்போது ஏனோ வாயைப் பொத்திக்கொண்டாள்.

துயரமுள்ள மச்சான்,
மு. அலியார்லெவ்வை
இளைப்பாறிய தலைமையாசிரியர்,
குழாய் விதிக் கமிட்டித் தலைவர்

பி.கு.: இது மறுநாள் காலை எழுதுவது. நேற்று உறையை ஒட்ட எடுத்தபோது ஸைனம்பு வந்து, "என்ன எழுதினீங்க, வாசிங்க பாப்பம்" என்றாள். முழுவதையும் வாசித்தேன். பொறுமையாகக் கேட்டாள். "முடிஞ்சா?" என்றாள். முந்தானை முடிச்சிலிருந்து சாவியை எடுத்தாள், புது வீட்டுக்கு அழைத்துப்போனாள், குளியலறைக் கதவைத் திறந்தாள், பைப்பைத் திருகினாள். கொட்டியது மச்சான்.

"இதென்ன ஸைனம்பு?"

"தண்ணி."

"எந்த விதிப்படி?"

"திறந்தா வரும், பூட்டினா நிக்கும். அந்த விதிதான்."

நாங்கள் சபையின் பின் அறையில் ஒட்டகத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, முன் அறையில் கிளாக்கர் இணைப்புக் கட்டணம் வாங்கி ரசீது கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். எங்கள் தெருவில் தண்ணீர் எடுக்காத வீடு இல்லை. காலிதீன் வீட்டிலும் ஹாஜியார் வீட்டிலும் சேர்மன் வீட்டிலும் வருகிறது. எல்லோரும் கமிட்டி முடிவைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள், பைப்பை மூடாமல். கதிர்காமன் கட்டியிருக்கிறார், கனகரெத்தினம் வந்து நின்று பார்த்திருக்கிறார். "சேருக்குச் சொல்லாதீங்க அம்மா, கவலப்படுவார்" என்றாராம். வாசலில் இஞ்சியும் மில்லிமீற்றரும் சந்திக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தேன். என் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி, கம்பியால் இறுக்கிக் கட்டியிருக்கிறது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

இன்னும் கேளுங்கள். தங்கச்சி நாச்சியா போன கிழமை இங்கே வந்து, நான் கூட்டத்தில் இருந்த நேரம், ஆசை தீரக் குளித்துவிட்டு, தலை காயுமுன்னே சாய்ந்தமருதாருக்கு இல்லை என்று ஆள் அனுப்பிவிட்டுத்தான் பஸ் ஏறினாராம். ஆகவே மேலே எழுதியதில் உங்களுக்குத் தெரியாத புதினம் ஒட்டகம் ஒன்றுதான். மற்றதெல்லாம் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு மாதமாக இந்த வளவில் கிணற்றில் அள்ளிக் குளித்தது நான் ஒருவன் மட்டும். கலியாண நாளை மாற்ற வேண்டாம், பேசியபடியே வாருங்கள், மாப்பிள்ளையை அழைத்து வாருங்கள்.

குளியலறையைப் பற்றி ஊரில் யாராவது கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். கமிட்டித் தலைவர் என்ற முறையில், அப்படி ஓர் அறை அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. பெண்ணின் வாப்பா என்ற முறையில், இன்று சுபஹ் தொழுகைக்கு முன் அதில்தான் குளித்தேன். தண்ணீர் நல்ல வேகம்.